தொரை காரில் ஒழுகிய வெந்நீர்

கந்தப்பன் பொய்யே சொல்லாதவன் என்று சவுக்குமலைத் தோட்டத்தில் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். பெட்ரோல் ஏன் குறைந்தது, டவுனிலிருந்து வர ஏன் நேரமானது என்று தொரையிடம் நாளுக்கு நாலு பொய் சொல்லித்தான் அவன் டிரைவர் வேலையைக் காப்பாற்றிவந்தான். ஆனால் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் அவன் மாரியம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சொன்னான். கூட இருந்த மருத்துவச்சியும் அதே மாதிரி சொன்னாள். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள், ஆடி மாதத்து மூடுபனியில் டயகமப் பக்கத்து ரோட்டில் ஒரு தடவை தனியாகப் போய்வந்த பிறகு பேசட்டும்.

நாடு சுதந்திரமடைந்து பதினாலு வருசம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி தோட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. பங்களாவில் வெள்ளைக்காரத் தொரைதான் இருந்தார். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் அதே கூரைதான் ஒழுகியது.

தொரையிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்த பழைய தொரை சீமையிலிருந்து இறக்கிய கார். ஊருக்குப் போகும்போது புது தொரையிடம் விற்றுவிட்டுப் போனார். புது தொரை வந்த பிறகுதான் கந்தப்பன் அந்தக் காருக்கு டிரைவர் ஆனான். அந்தப் பக்கத்தில் வேறெந்தக் காரிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஹீட்டர். இஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ரெண்டு ரப்பர் குழாய் வழியாக உள்ளே வரும். முன்சீட்டுக்காரர் காலடியில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டி சூடாகும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே தொரையின் கால் குளிராது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, "நல்ல சூடு கந்தப்பன்" என்பார். லயத்துச் சனங்கள் அதற்குக் "கார் அடுப்பு" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் காருக்கு ஒரு சட்டமும் உண்டு. எழுதிவைத்த சட்டமல்ல. பழைய தொரை காலத்திலிருந்து வந்தது. கூலிக்காரர்கள் சீட்டில் உட்காரக்கூடாது. யாரையாவது அவசரத்துக்கு ஏற்றினால், சீட்டுக்கு முன்னால் கீழே சாக்கை விரித்து, அதில்தான் உட்காரவைக்க வேண்டும். அதற்கென்றே டிக்கியில் ரெண்டு சாக்கு மடித்துக் கிடந்தது. டிரைவர் சீட்டில்கூடத் தனியாக ஒரு படங்குத் துணி விரித்திருந்தது. கந்தப்பனுக்கு அது தப்பாகத் தோன்றியதில்லை. தொரையைவிட அவன்தான் அந்தச் சட்டத்தைக் கவனமாகக் காப்பாற்றினான். மண்வெட்டி காலில் பட்டு ரத்தம் வடிய வந்த ஆளிடமும், "சீட்டுல கைய ஊணாத, கீழ குந்து" என்றவன் அவன்.

அவன் பெண்டாட்டி ராசம்மாவுக்கு ஒன்பதாம் மாசம் பிறந்தது. அந்த வாரத்தில்தான் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ராசம்மாவுக்கு அது மூணாவது வயிறு. முதல் பிள்ளை கொடி சுற்றிப் போய்விட்டது. ரெண்டாவது கண்ணே திறக்கவில்லை. "இதுவும் போயிருச்சுன்னா நானும் கூடவே போயிருவேன்" என்று அவள் கொழுந்து மலையில் நின்றபடி சொன்னதை மற்றப் பொம்பளைகள் வந்து கந்தப்பனிடம் சொன்னார்கள்.

ஒருநாள் தொரைசாணியின் சப்பாத்து நனைந்துவிட்டது. தொரை கொழும்புக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் உத்தரவு போட்டார். "நான் திரும்பி வருகிறபோது ஒரு சொட்டு ஒழுகக்கூடாது." பங்களாக் கராஜுக்குத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் கந்தப்பன் காரைத் தன் லயத்துக் கோடியில், அவன் குடியிருந்த காம்பிராவை ஒட்டிய கொட்டிலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஸ்டேசனிலிருந்து வந்து நிறுத்தியது நிறுத்தியபடிதான். இடையில் ஒருநாள் பூராவும் அவனுக்குக் கராஜில் தகரம் தூக்குகிற வேலை. கார் பக்கம் யாரும் போகவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு குறடு, திருப்புளி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, கொஞ்சம் செப்புக் கம்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேலைக்கு இறங்கினான். மூடுபனி அதற்குள் லயத்து வாசல்வரை வந்துவிட்டது. பக்கத்துக் காம்பிரா ஆண்டியப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன கந்தப்பா, தொரை காரு ஒண்ணுக்குப் போயிருச்சாம்ல?"

"சும்மா போங்கண்ணே."

"எங்க கூரை ஒழுகுது, ஒழுகுதுன்னு எத்தன வருசமா சொல்றோம். தொரைசாணி காலு ஒரு நாள் நனைஞ்சிச்சு. ஒடனே ஆளு, குறடு, கம்பி எல்லாம் வந்திருச்சு பாத்தியா?"

"அது கூரை. இது காருண்ணே."

"ஆமாமா. அது நம்ம தலை, இது அவங்க காலு. எது ஒசத்தின்னு தெரியாமலா கேட்டுப்புட்டேன்." அவர் சிரித்துக்கொண்டே பனிக்குள் போனார். கொஞ்ச தூரத்தில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கந்தப்பன் பொனட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டான். தண்ணீர் விளிம்புவரை நின்றது. கொஞ்சமும் குறையவில்லை. வாரக்கணக்கில் ஒழுகுகிற வண்டியில் தண்ணீர் எப்படிக் குறையாமல் இருக்கும்? யோசித்தான். பங்களாப் பையன் யாராவது ஊற்றியிருப்பான் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டான்.

குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் தண்ணீரை வடிக்க வேண்டும். கீழே வாளியை வைத்து, வடிகால் திருகைத் திறந்தான். பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த தண்ணீர். கடைசிச் சொட்டுவரை வடித்தான். பிறகு முன்கதவைத் திறந்து, தொரை கால்வைக்கிற இடத்தில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டான். இருட்டு. அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்தான்.

தகரப் பெட்டியின் வாயில் ரப்பர் குழாய் ஏறுகிற இடம் தெரிந்தது. கிளிப் துரு ஏறித் தின்றிருந்தது. குழாயின் நுனி வெடித்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. வெடித்த நுனியை அறுத்துவிட்டு, சவுக்காரம் தடவி, நல்ல பாகத்தை ஏற்றி இறுக்கினால் முடிந்தது. கிளிப்பைக் கழற்றிக் குழாயை இழுத்தான்.

தண்ணீர் வந்தது.

கந்தப்பன் கை நின்றுவிட்டது. எல்லாத் தண்ணீரும் வாளியில் இருக்கிறது. இது எங்கிருந்து வருகிறது? மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கைக்கு வந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

ஸ்டேசனிலிருந்து வந்த பிறகு இஞ்சினை யாரும் தொடவில்லை. வாளித் தண்ணீரில் விரலை வைத்தால் மரத்துப்போகிறது. இந்தத் தண்ணீர் மட்டும்... உடம்புச் சூடு. மனுச உடம்புச் சூடு.

கையை மோந்து பார்த்தான். துரு வாசனை இல்லை, ரப்பர் வாசனையும் இல்லை. பிள்ளை பெற்ற காம்பிராவில் அடிக்குமே ஒரு கவிச்சி, அந்த வாசனை. அவன் வீட்டில் ரெண்டு தடவை அடித்த வாசனை.

துணியை எடுத்து அழுத்தித் துடைத்தான். நுனியை அறுத்தான். குழாயை ஏற்றினான். கிளிப் உதவாது என்று செப்புக் கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினான். நன்றாக இறுகிவிட்டது. விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். சொட்டு இல்லை.

"அப்பாடா" என்று வாய் திறந்தான்.

சொட்... சொட்... சொட்...

இறுக்கிய கம்பிக்கு நடுவிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் வந்தது. நின்றது. திரும்பவும் வந்தது. நின்றது. சாதாரண ஒழுகல் அப்படி விட்டுவிட்டு வராது. கந்தப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். சொட்டு வேகமாகும், வேகமாகி ஓடும், பிறகு மெல்ல மெல்ல அடங்கும்.

மறுபடி ஓடத் தொடங்கியபோது, சுவருக்கு அந்தப் பக்கம், அவன் காம்பிராவுக்குள் ஒரு முனகல்.

தண்ணீர் அடங்கியது. முனகலும் அடங்கியது.

கந்தப்பனுக்கு முடி சிலிர்த்தது. அசையாமல் கிடந்தான். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தான். அந்தத் தடவை அதிக நேரம் காக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பாய்ந்தது. உள்ளே ராசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா..." என்றாள்.

அவன் வெளியே எழுந்து ஓடினான். ராசம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"எப்பலேருந்துடி?"

"சோறு தின்னதிலேருந்து... ஒங்க வேலை முடியட்டும்னு இருந்தேங்க. தொரை வைவாருல்ல."

மருத்துவச்சி அம்மாக்கண்ணு வந்தாள். கையை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கந்தப்பன் பார்த்தான்.

"பிள்ளை தலகீழா இல்ல தம்பி. காலு முன்னால நிக்கிது. என் கையில ஒண்ணும் இல்ல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பவே."

தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போயிருந்தது. இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். கந்தப்பன் கணக்கப்பிள்ளை சின்னராசாவின் வீட்டுக்கு ஓடினான். அவர் ஆபீசுக்கு வந்து, தொரை இல்லாதபோது தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சின்ன தொரைக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டு நிதானமாகச் சால்வையைச் சரி செய்துகொண்டார்.

"கொண்டு போகட்டுமாம். ஆனா சட்டம் தெரியும்ல? கீழதான். சீட்டுல கறை கிறை பட்டுச்சு, என்னையும் சேத்துத்தான் வேலையவிட்டுப் பத்துவாரு."

"தெரியுங்கய்யா."

"ஹீட்டருகிட்ட குந்தவையி. சூடா இருக்கும். பெரிய தொரை பெருமனசுக்காரரு, அவரு காருல போக ஒனக்கு என்ன கொற?"

கந்தப்பன் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தான். வாளித் தண்ணீரைத் திரும்ப ரேடியேட்டரில் ஊற்றினான். இஞ்சினைக் கிளப்பினான். டிக்கியிலிருந்து சாக்கை எடுத்து, முன்சீட்டுக்குக் கீழே நாலாக மடித்து விரித்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினால் ஒரு ஆள் அடங்கும் இடம். வயிறும் பிள்ளையுமாக ஒருத்தி அதில் எப்படி அடங்குவாள் என்று அவன் யோசிக்கவில்லை. சட்டம் அதுதான். ஏற்றினால் அங்கேதான் ஏற்ற வேண்டும்.

அம்மாக்கண்ணு ராசம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தாள். கந்தப்பன் கதவைத் திறந்தான்.

சாக்கு தெப்பலாக நனைந்திருந்தது. ஆவி பறந்தது.

"இப்பத்தானக்கா விரிச்சேன்..."

நனைந்த சாக்கை இழுத்து எறிந்தான். ரெண்டாவது சாக்கை விரித்தான். அது கண்ணுக்கு முன்னாலேயே கறுத்து நனைந்தது. விரித்த கை சுட்டது. கையை உதறினான்.

"பின்னால கீழ ஏத்துறேன்" என்று பின்கதவைத் திறந்தான். முன்சீட்டுக்கு அடியால் தண்ணீர் வந்து அங்கேயும் தேங்கி நின்றது. அதிலும் ஆவி.

"சீட்டுல படுக்கவையிடா" என்றாள் அம்மாக்கண்ணு.

"அக்கா... தொரை சீட்டு."

"ஓம் பொண்டாட்டி சாகப்போறா. சீட்டாமே, சீட்டு!"

"கறை பட்டிரும்க்கா. என்னைப் பத்திருவாங்க. அப்புறம் சோத்துக்கு எங்க போறது?"

இதை அவன் சொன்னான். பெண்டாட்டியைக் கையில் தாங்கிக்கொண்டே சொன்னான். பிற்பாடு இந்தக் கதையில் அவன் சொல்லக் கூசுகிற இடம் பேய் வருகிற இடமல்ல, இதுதான்.

ராசம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

'டப்' என்று சத்தம் கேட்டது. திறந்து கிடந்த முன்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்று இல்லை. பனிகூட அசையாமல் நின்றது. உள்ளே தகரப் பெட்டியில் தட்டுகிற சத்தம். டொக்... டொக்... டொக்... அடைபட்ட ஆள் கையால் தட்டுகிற மாதிரி.

கந்தப்பன் அதற்குமேல் யோசிக்கவில்லை. ராசம்மாவைத் தூக்கிப் பின்சீட்டில் நீளமாகக் கிடத்தினான். அவள் காலை நீட்டினாள்.

தட்டல் நின்றது.

தண்ணீர் நின்றது. சட்டென்று நின்றது, யாரோ கையால் பொத்தின மாதிரி.

அம்மாக்கண்ணு பின்னால், ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கார் புறப்பட்டது.

சங்கு ஊதி, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் விளக்குப் போட்ட நேரம். ஆனால் ரோட்டில் அந்த வெளிச்சமும் இல்லை. மூடுபனி கண்ணாடியில் அப்பிக்கொண்டது. கார் லைட் ரெண்டு முழத்துக்குமேல் போகவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். கந்தப்பன் கதவோரமாகத் தலையை நீட்டிப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

முதல் வளைவில் கார் இடது பக்கம் இறங்கியது. இடது முன்சீட்டில் யாருமில்லை. ஆனால் ஆள் இருக்கிற கனம் இருந்தது. டிரைவருக்கு அது ஸ்டியரிங் பிடித்த கையிலேயே தெரிந்துவிடும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இடது காலில் சூடு ஏறியது. ஹீட்டர் சூடு என்று நினைத்துக்கொண்டான். ஹீட்டர் சூடு காற்றாக வரும். இது காற்றாக வரவில்லை. பக்கத்தில் ஒருத்தர் நெருக்கி உட்கார்ந்தால் வருமே... அந்தச் சூடு.

"நீட்டிக்கிட்டேன்க்கா..." என்றாள் ராசம்மா பின்னாலிருந்து.

"யாருகிட்டடி பேசுற? நான் ஒண்ணும் சொல்லலயே" என்றாள் அம்மாக்கண்ணு.

"சரிக்கா... மடக்கலக்கா..."

அம்மாக்கண்ணு வாயை மூடிக்கொண்டாள். பிறகு வழி முழுக்க, மாரியாத்தா, மாரியாத்தா என்று உதடு மட்டும் அசைந்தது.

வளைவு. கார் இடது பக்கம் சாய்ந்தது.

மூச்சுச் சத்தம். ராசம்மாவுடையது. அம்மாக்கண்ணுவுடையது. தன்னுடையது.

இன்னொன்று...

கீழேயிருந்து.

முன்னால். இடது பக்கம். கீழே.

அவன் ரோட்டை மட்டும் பார்த்தான்.

ரோட்டை மட்டும்.

ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தபோது அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரெண்டு சிங்களப் பையன்கள் தள்ளுகட்டிலோடு ஓடிவந்தார்கள். ராசம்மாவை இறக்கினார்கள். அவளோடு அம்மாக்கண்ணுவும் போனாள். ஒருத்தன் மட்டும் திரும்பிவந்து, முன்கதவைத் திறந்து குனிந்து பார்த்தான். பிறகு கந்தப்பனிடம் சிங்களத்தில் கேட்டான். முன்னால் கீழே உட்கார்ந்திருந்த அந்த இன்னொரு பொம்பளை எங்கே? அவளுக்கும் வலி மாதிரி இருந்ததே, கட்டில் கொண்டு வரட்டுமா?

கந்தப்பன் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தான்.

விடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கந்தப்பன் சுவரில் சாய்ந்து தேம்பினான். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார்: "கால் நீட்டிப் படுக்கவச்சுக் கொண்டுவந்தீங்க. அதனாலதான் தப்பிச்சது. குந்தவச்சு மடக்கிக் கொண்டுவந்திருந்தா ரெண்டு பேரும் இல்லை."

அன்று பகல் ராசம்மா கண் விழித்து முதலில் கேட்டது அதைத்தான்.

"ஏங்க, முன்னால கீழ குந்தியிருந்தாங்களே, அந்தக்கா யாருங்க? முழங்காலக் கட்டிக்கிட்டு... தலை மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. ஈரத்தலை. 'எனக்குத்தான் எடமில்ல, நீ நல்லா கால நீட்டு தாயி'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க."

"நீ மயக்கத்துல இருந்தடி" என்றான் கந்தப்பன்.

தொரை கொழும்பிலிருந்து வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். பின்சீட்டில் ஒரு கறை. கந்தப்பன் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத கறை. தொரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நீ என்னா செஞ்சது? இது கார். மாட்டு வண்டி இல்லை."

"பொண்டாட்டிக்குப் பிள்ளை கிடைக்க..."

"சாவி குடு."

பிள்ளை ஆணா, பெண்ணா, இருக்கிறதா, செத்ததா என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆள் பிரித்து வேலை கொடுக்கிற பெரட்டில் கந்தப்பனுக்குக் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். சின்னராசா பக்கத்தில் வந்து, "அன்னிக்கே சொன்னேன்ல?" என்று மட்டும் சொன்னார். காரை அழகன் என்ற பையன் ஓட்டினான்.

மாசம் ஒன்று போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு மருந்து வாங்கத் தலவாக்கலைக்குப் போனான் கந்தப்பன். அங்கே கராஜ் வைத்திருந்த நஸார் நானா அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒன் தொரை காரை அழகன் கொண்டுவந்தான். அந்த ராத்திரிக்குப் பொறகு ஹீட்டர் வேலை செய்யலயாம். தொரைக்குக் கால் குளிருதாம். பாத்துக் குடுன்னான்."

"நான்தான் நானா குழாயக் கட்டினேன். கம்பி அவுந்திருச்சோ?"

"கம்பிய விடு மனுசன். அந்தப் பொட்டிக்குள்ள ஹீட்டர் எங்க ஈக்கி?"

ஹீட்டர் இல்லையா? கந்தப்பனுக்கு விளங்கவில்லை. நஸார் குரலைத் தாழ்த்தினார்.

"நீ டிரைவரா வர முந்தி நடந்தது. பழைய தொரை காலம். சண்முகவடிவுன்னு ஒரு கொழுந்துக்காரி. வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு அந்தக் காருலதான் கொண்டு வந்தாங்க. சீட்டுக்குக் கீழ, ஹீட்டருக்கு முன்னால, சாக்குல குந்தவச்சு. மழை. வழியில மரம் விழுந்து கெடந்திச்சு. அவளால கால நீட்ட ஏலல்ல. பிள்ளை வர வழியுமில்ல. இங்க, இந்தக் கராஜ் வாசல்லதான் எறக்கிப் பாத்தோம். ரெண்டும் போயிட்டு."

அவர் கராஜ் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"காரைக் கழுவினது நான்தான். அவ ஒடம்பு ஐஸ் மாதிரி. அவ குந்தியிருந்த எடம் மட்டும் சூடு. மறுநாளும் சூடு. கழுவக் கழுவச் சூடு. பழைய தொரைக்கே பயம் வந்து, ஹீட்டரைக் கழட்டுன்னு சொன்னாரு. உள்ள இருந்ததெல்லாம் பிடுங்கி எறிஞ்சேன். இஞ்சின் பக்கத்துல ரெண்டு குழாய்க்குள்ளயும் ஈயத்த அடிச்சு அடைச்சேன். ஒரு பொட்டுத் தண்ணி வர வழியில்ல. வெளிய பொட்டியும் குழாயும் மட்டும் அப்பிடியே இருக்கட்டும்னாரு. ஹீட்டர் இல்லன்னா காரு வெல போகாதாம். நேத்துக் கழட்டிப் பாத்தேன் கந்தப்பன். நான் அடிச்ச ஈயம் அடிச்சபடி ஈக்கி. பொட்டிக்குள்ள வெறும் தூசி."

"நானா... தொரை தெனம் அதுலதான காலக் காய வச்சாரு. நானே தொட்டுப் பாத்திருக்கேன். சுட்டுச்சே..."

"அதத்தான் நான் ஒன்கிட்டக் கேக்கிறேன்" என்றார் நஸார். "அல்லாவே, இத்தன வருசமா அந்தத் தொரை எதுல கால வச்சுக் காய்ஞ்சாரு?"

கந்தப்பன் அதை ராசம்மாவிடம் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து புது ஹீட்டர் வரவழைத்துப் பூட்டினார்கள். கை வைத்தால் சுடுகிற அளவுக்கு அது வேலை செய்கிறது என்று அழகன் சொல்கிறான். ஆனால் தொரைக்கு மட்டும் கால் காய்வதில்லை. கட்டிலுக்குள் வெந்நீர்ப் போத்தல் வைக்கிறார்கள், கணப்புக்கு முன்னால் உட்காரவைக்கிறார்கள், ரெண்டு கம்பளிச் சாக்ஸ் போடுகிறார்கள். கண்டியிலிருந்து வெள்ளைக்கார டாக்டர்கூட வந்து பார்த்தார். காலைத் தொட்டவர் உடனே கையை எடுத்துக்கொண்டாராம். முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலும், பொணத்தின் கால் மாதிரிச் சில்லென்று இருந்ததாம்.